எஞ்சின் மாறினால் ஆயிலும் மாறும்

எஞ்சின் ஆயில் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஆயில் கெட்டியா, தண்ணியா என்றுதான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-40 என்று எண்ணைச் சொல்லிக் கேட்பார்கள். இன்னும் அக்கறை உள்ளவர்கள் சிந்தெடிக்கா, சாதா ஆயிலா என்று விசாரிப்பார்கள். இந்தக் கேள்விகளில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இவை பழைய எஞ்சின்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த கேள்விகள். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு, அதிலும் டர்போ பூட்டிய சிறிய எஞ்சினுக்கு, இவை போதாது. அந்த ஆயிலில் என்னென்ன வேதிப்பொருள்கள் கலந்திருக்கின்றன, அது எந்தச் சோதனையில் தேறியது என்பதுதான் அங்கே முதல் கேள்வி. இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அறிய எஞ்சின் ஆயிலின் நூறாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும். எல்லா எஞ்சினுக்கும் எல்லாக் காலத்துக்கும் ஏற்ற நல்ல ஆயில் என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. புதிய எஞ்சின் ஒன்று வரும். அதுவரை சிறந்ததென்று நம்பிய ஆயில் அதில் தோற்கும். தோற்ற பிறகே புதிய தரம் எழுதப்படும். நூறாண்டுகளாக நடந்திருப்பது இதுதான்.

ஆயிலை வகைப்படுத்தும் முதல் முயற்சி அதன் பாகுத்தன்மையிலிருந்துதான் தொடங்கியது. அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. 1911இல் தன் முதல் ஆயில் வகைப்பாட்டை வெளியிட்டது. பின்னர் குளிர்காலப் பயன்பாட்டைக் குறிக்கும் டபிள்யூ என்ற எழுத்து எண்ணோடு சேர்ந்தது. குளிரில் இளகியும் சூட்டில் போதிய கெட்டியோடும் இருக்கும் மல்டிகிரேடு ஆயில் புழக்கத்துக்கு வந்தது. இன்று டப்பாவில் காணும் 5டபிள்யூ-30 என்பதில், முன் எண் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. பின் எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மையைச் சொல்கிறது. இது பயனுள்ள தகவல். ஆனால் அந்த ஆயில் புகைக்கரியைத் தாங்குமா, பிஸ்டன் ரிங்கில் பிசின் படிய விடுமா, துளியாகச் சிதறி எரியும் அறைக்குள் போனால் என்ன செய்யும் என்பதையெல்லாம் அந்த எண் சொல்வதில்லை. ஒரே எண் பொறித்த இரண்டு டப்பாக்களில் முற்றிலும் வேறான இரண்டு கலவைகள் இருக்கலாம்.

இந்தப் போதாமையை முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது டீசல் எஞ்சின். 1930களில் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம் டீசல் டிராக்டர்களைப் பெருமளவில் விற்கத் தொடங்கியபோது, பிஸ்டன் ரிங்குகள் தம் பள்ளத்திலேயே கரி பிடித்து இறுகிப்போயின. நன்றாகச் சுத்திகரித்த ஆயிலை ஊற்றியும் பயனில்லை. அழுக்கைப் படிய விடாமல் ஆயிலோடு மிதக்க வைக்கும் உலோகச் சேர்மங்களைக் கலந்த பிறகே ரிங்குகள் விடுபட்டன. டிடர்ஜென்ட் என்று தொழில் வட்டாரத்தில் அழைக்கப்படும் கலவைப்பொருள் எஞ்சின் ஆயிலுக்குள் நுழைந்த கதை இதுதான். அதைவிட முக்கியமான இன்னொன்றும் அப்போது நடந்தது. ஆயிலைக் குடுவையில் வைத்துச் சோதிப்பதை மட்டும் நம்பாமல், ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றில் ஊற்றி, பல மணி நேரம் ஓடவிட்டு, பிறகு பிரித்துப் பிஸ்டனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் முறை பிறந்தது. ஆயிலின் தகுதியை எஞ்சினே சொல்லட்டும் என்ற அந்த அணுகுமுறையைத்தான் இன்றைய எல்லாத் தரநிர்ணயங்களும் பின்பற்றுகின்றன. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு டிடர்ஜென்ட் வேலையைப் பெரும்பாலும் கால்சியம் சேர்மங்கள் ஏற்றுக்கொண்டன. எரிதலில் பிறக்கும் அமிலத்தை அவை முறித்தன, பிஸ்டனைச் சுத்தமாக வைத்தன. விலையும் கட்டுப்படியானது. கால்சியம் கூடுதலாக உள்ள ஆயில் உயர்ந்த ஆயில் என்றே வெகுகாலம் கருதப்பட்டது.

1940களில் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த இன்னொரு சேர்மம் வந்தது. உலோகத்தோடு உலோகம் உரசும் இடங்களில் காப்புப் படலம் அமைப்பது அதன் பணி. அதன் இடத்தைப் பிடிக்க இன்றுவரை நிகரான மாற்று கிடைக்கவில்லை. ஆனால் புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானபோது பாஸ்பரஸ் அதைக் கெடுப்பது தெரிந்தது. தரம் மாறும்தோறும் பாஸ்பரஸ் வரம்பு குறைக்கப்பட்டு, மெல்லிய ஆயில்களில் 0.08 சதவீதத்தில் வந்து நின்றது. அமெரிக்கப் பெட்ரோலியம் நிறுவனமான ஏ.பி.ஐ. 1947இல் சாதாரணம், உயர்தரம், கடும் உழைப்பு என்று மூன்றே வகுப்புகளோடு தொடங்கிய தரவரிசை, 1970களின் தொடக்கத்தில் எழுத்துகளுக்கு மாறியது. பெட்ரோல் எஞ்சினுக்கு எஸ் என்று தொடங்கி எஸ்.ஏ., எஸ்.பி., எஸ்.சி. என வரிசை நீண்டது. (பழைய எஸ்.பி.யின் 'பி' ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து; இன்று பேசப்படும் எஸ்.பி. அந்த அகரவரிசையில் பதினாறாம் எழுத்தைக் கொண்டது. இந்தக் கட்டுரையில் இனி எஸ்.பி. என்பது இந்தப் புதியதையே குறிக்கும்.) ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் ஏதோ ஒரு எஞ்சின் பட்ட பாடு இருக்கிறது.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் நேற்று வந்த புதுமை அல்ல. இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானிய விமான எஞ்சின்களில் அது இருந்தது. 1950களின் தொடக்கத்தில் குட்பிராட், கோலியாத் என்ற சிறிய இரண்டு ஸ்ட்ரோக் கார்களில் வந்தது. 1954இல் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்., நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் அதைக் கொண்டுவந்து புகழ்பெற்றது. ஆயிலுக்கும் இந்த முறைக்கும் உள்ள பகை அந்தக் காரிலேயே வெளிப்பட்டுவிட்டது. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும், எஞ்சின் சுற்றி ஓயும்வரை அதன் இயந்திரப் பம்பு பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. எரியாத அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருந்த ஆயில் படலத்தைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலோடு கலந்தது. நெடுந்தூரம் வேகமாக ஓட்டிச் சூடேற்றினால் கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போகும். ஊருக்குள் மட்டும் ஓட்டியவர்களுக்கு ஆயில் நீர்த்துக்கொண்டே வந்தது. ஏறத்தாழ 1000 மைலுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொன்னதற்கு இது முக்கியக் காரணம். இன்றைய மின்னணு இன்ஜெக்டர்கள் அணைத்தவுடன் நின்றுவிடும் என்றாலும், குளிர்ந்த எஞ்சினில் பீய்ச்சும் பெட்ரோல் சுவரில் பட்டு வழிவது முழுவதும் நின்றபாடில்லை. 2018இல் சீனாவின் வடபகுதிக் குளிரில் ஹோண்டா சி.ஆர்-வி 1.5 லிட்டர் டர்போ கார்களில் பெட்ரோல் கலந்து ஆயில் மட்டம் ஏறியது பெரும் பிரச்சினையாகி, அந்த நாட்டில் அதன் விற்பனையே சில காலம் நிறுத்தப்பட்டது. 60 ஆண்டு இடைவெளியில் இரண்டு கார்களிலும் அடிப்படைக் காரணம் ஒன்றே.

1996இல் மிட்சுபிஷி கேலண்ட் காரில் மின்னணுக் கட்டுப்பாட்டோடு இந்த முறை பெருவாரி உற்பத்திக்குத் திரும்பியது. அப்போது இன்னொரு பழக்கமான பாதுகாப்பு மறைந்தது. பழைய முறையில் பெட்ரோல் உள்ளிழுப்பு வால்வின் பின்புறத்தில் தெளிக்கப்பட்டு, போகிற போக்கில் அதைக் கழுவிவிடும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்போது பெட்ரோல் அந்த வால்வைத் தொடுவதே இல்லை. ஆனால் கிராங்க்கேஸிலிருந்து திருப்பி அனுப்பப்படும் ஆயில் ஆவி வால்வின்மேல் தொடர்ந்து படுகிறது. கழுவ ஆளில்லாமல் அது கரியாக இறுகுகிறது. டொயோட்டா 2005 முதல் சில எஞ்சின்களில் இரண்டு வகை இன்ஜெக்டர்களையும் சேர்த்தே வைத்ததில் வால்வு கழுவப்படுவதும் ஒரு பயனாக அமைந்தது. சூட்டில் எளிதில் ஆவியாகாத ஆயில் இங்கே உதவும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு ஆவியாகிறது என்று அளக்கும் நோவாக் சோதனையில் 1990களில் 22 சதவீதம் வரை அனுமதி இருந்தது. 2001இல் அது 15 ஆனது. ஐரோப்பிய வகுப்புகள் பலவற்றில் 13. ஆனாலும் வால்வில் கரி படிவதை ஆயிலால் மட்டும் தடுத்துவிடலாம் என்று நினைப்பது மிகையான நம்பிக்கை. அது எஞ்சின் வடிவமைப்பையே சார்ந்தது. நல்ல ஆயில் அதைத் தள்ளிப்போடும், அவ்வளவே.

ஆயிலைப் பற்றிய பழைய நம்பிக்கையை உண்மையில் தகர்த்தது அடுத்த கட்டம். 2000களின் நடுப்பகுதியிலிருந்து எரிபொருள் சிக்கனத்துக்காகப் பெரிய எஞ்சின்களின் இடத்தில் டர்போ பூட்டிய சிறிய டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் வந்தன. குறைந்த சுழற்சியிலேயே நிறைய இழுவை தருவது அவற்றின் சிறப்பு. அந்தச் சிறப்பே ஆபத்தையும் கொண்டுவந்தது. எஞ்சின் நிதானமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது, மேல் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால், ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே எப்போதாவது ஒருமுறை கலவை தானாகத் தீப்பற்றியது. சாதாரணத் தட்டல் சத்தத்தைப் போல இது படிப்படியாகக் கூடுவதில்லை, முன்னறிவிப்பின்றி வரும். ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் மேடு உடையலாம், பிஸ்டனே விரியலாம். குறைந்த வேக முன்பற்றுதல் என்று இதற்குப் பெயர். உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினால் மட்டும் இது தீரவில்லை, ஏனென்றால் தொடக்கப் பொறி வேறு இடத்திலிருந்து வந்தது. பிஸ்டனின் மேல் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கில், பெட்ரோலால் நீர்த்த ஆயில் துளிகள் சேர்கின்றன. அவை எரியும் அறைக்குள் தெறித்து விழுந்து தீ மூட்டுகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். படிவிலிருந்து உதிரும் துகள்களும் இதைச் செய்யலாம்.

அப்படியானால் எந்த ஆயில் துளி சீக்கிரம் பற்றுகிறது? 2010களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டின. கால்சியம் டிடர்ஜென்ட் கூடக் கூட முன்பற்றுதல் கூடியது. மெக்னீசியம் டிடர்ஜென்டுக்கு அந்தக் குணம் மிகக் குறைவு. துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மமும் மாலிப்டினம் சேர்மங்களும் அதைக் குறைத்தன. டீசல் டிராக்டரின் இறுகிய ரிங்குகளை விடுவித்த மரபில் வந்து, அரை நூற்றாண்டுக்கு மேலாக எஞ்சின்களைச் சுத்தமாக வைத்திருந்த அதே கால்சியம், புதிய எஞ்சினில் பிஸ்டனை உடைக்கத் துணைபோனது. கலவை செய்வோருக்குப் பாஸ்பரஸைக் கூட்டித் தப்பிக்கவும் வழியில்லை; கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கான வரம்பு குறுக்கே நின்றது. கால்சியத்தைக் கணிசமாகக் குறைத்து, அந்த இடத்தில் மெக்னீசியத்தைச் சேர்த்து, சுத்தம் செய்யும் திறன் கெடாமல் சமன் செய்வதுதான் பல கலவைகள் கண்ட தீர்வு. இந்த வேறுபாட்டைக் கெட்டித்தன்மை எண்ணிலோ, ஆயிலின் நிறத்திலோ, விரலில் தொட்டுத் தேய்த்தோ யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

தரநிர்ணயம் இங்கேயும் பின்னால்தான் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் சொந்த டெக்சோஸ்1 தரத்தின் இரண்டாம் பதிப்பில் முன்பற்றுதல் சோதனையைச் சேர்த்தது. கார் நிறுவனங்கள் தம் கூட்டுக் குழுவான இல்சாக் வழியாகக் கேட்டிருந்த ஜி.எஃப்-6 தரம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பிஸ்டன்கள் உடையும்போது காத்திருக்க முடியாது என்று இடைக்கால ஏற்பாடாக 2018 மே மாதம் ஏ.பி.ஐ.யின் எஸ்.என். பிளஸ் வந்தது. 2020 மே 1 முதல் ஏ.பி.ஐ. எஸ்.பி., ஜி.எஃப்-6 இரண்டும் நடைமுறைக்கு வந்தன. அதற்கான சோதனை ஃபோர்டு 2.0 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினில் நடக்கிறது. நான்கு சுற்றுகள், சுற்றுக்கு 1,75,000 எஞ்சின் சுழல்கள். முன்பற்றுதல் நிகழ்வுகளின் சராசரி 5ஐத் தாண்டினால் ஆயில் தேறாது. அதே வகை எஞ்சினில் இன்னொரு சோதனையும் சேர்ந்தது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் உண்டாகும் நுண்ணிய புகைக்கரி ஆயிலில் கலந்து டைமிங் செயினின் இணைப்புகளைத் தேய்க்கிறது. செயின் நீள்கிறது, வால்வு திறக்கும் நேரம் பிசகுகிறது. அந்த நீட்சியை அளந்து வரம்பு வைத்தார்கள். ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ. 2021இல் ஏ7/பி7, சி6 என்ற புதிய வகுப்புகளில் இவ்விரண்டு கவலைகளையும் சேர்த்துக்கொண்டது.

வேதிக் கலவையே முதல் கேள்வி என்ற வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் காப்பு என்பது அவற்றில் முதலாவது. சூடான எஞ்சினுக்குள் ஆயிலின் வெப்பத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது எரிதலும் கூலன்ட்டும். வெளியே 40 டிகிரியா 20 டிகிரியா என்பது அவ்வளவு பெரிய மாற்றத்தைத் தராது. ஆனாலும் இந்த மறுப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. பெட்ரோல் கலந்தால் ஆயில் மெலியும். ஏற்கெனவே மெல்லிய ஆயில் இன்னும் மெலிந்தால் பேரிங்குகளுக்கு நல்லதல்ல. ஆகவே காரின் கையேடு இரண்டு மூன்று கிரேடுகளை அனுமதித்தால், குறுந்தூரமே ஓட்டுகிறவர் அவற்றில் சற்றுக் கெட்டியானதைத் தேர்வது சரியே. ஆனால் கெட்டித்தன்மை முன்பற்றுதலைத் தடுக்காது. கால்சியம் மிகுந்த 15டபிள்யூ-40 டீசல் லாரி ஆயிலை டர்போ பெட்ரோல் காரில் ஊற்றுவது, பாதுகாப்பு என்று நினைத்து ஆபத்தை வாங்குவது. கெட்டியும் வேண்டும், வேதிக் கலவையும் சரியாக வேண்டும் என்றால் எஸ்.பி. வகுப்பிலேயே பல கிரேடுகள் கிடைக்கின்றன.

விலை உயர்ந்த முழு சிந்தெடிக் ஆயில் வாங்கினால் இந்தக் கவலை தேவையில்லை என்பது இரண்டாவது மறுப்பு. சிந்தெடிக் என்ற அடையாளம் அடிப்படை எண்ணெயைப் பற்றியது. அதிலும், கச்சா எண்ணெயிலிருந்து மிகக் கடுமையாகச் சுத்திகரித்துப் பெற்றதையும் அப்படி விளம்பரப்படுத்தலாம் என்று 1999இல் அமெரிக்க விளம்பரத் தன்னொழுங்கு அமைப்பு மோபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் இடையிலான வழக்கில் கருத்துச் சொல்லிவிட்டது. நல்ல அடிப்படை எண்ணெய் ஆவியாவதைக் குறைக்கும், சூட்டைத் தாங்கும். அதற்குக் கொடுக்கும் பணம் வீணல்ல. ஆனால் முன்பற்றுதலை முதன்மையாக நிர்ணயிப்பது கலவைப்பொருள். பழைய கலவைப்பொருளோடு வரும் முழு சிந்தெடிக்கைவிட, எஸ்.பி. தேறிய அரை சிந்தெடிக் இந்த ஒரு விஷயத்தில் மேலானது.

இந்தப் புதுப்புது எழுத்துகள் எல்லாம் விற்பனைத் தந்திரம் என்பது மூன்றாவது. இதில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தரம் எழுதும் மேசையில் எண்ணெய் நிறுவனங்களும் கலவைப்பொருள் நிறுவனங்களும் கார் நிறுவனங்களும்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆயில் மெலிந்துகொண்டே வருவதற்கு அரசுகளின் எரிபொருள் சிக்கன விதிகள் பெரிய காரணம். எஞ்சினின் ஆயுள் மட்டுமே நோக்கம் அல்ல. ஆனால் விற்பனைக்காகவே எழுத்தை மாற்றுகிறவர்கள் அதைச் சீக்கிரம் மாற்றியிருப்பார்கள். நடந்தது நேர்மாறு. பிரச்சினை தெரிந்த பிறகும் தரம் வெளிவர ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியில் விற்ற கார்களின் சொந்தக்காரர்கள்தான் அதன் விலையைக் கொடுத்தார்கள். தொழில்துறையைக் குறை சொல்வதானால் அதன் தாமதத்தைத்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இந்த வரலாற்றில் நேரடித் தொடர்பு உண்டு. 2013இல் மறைமலை நகர் ஆலையிலிருந்து வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினோடும் விற்கப்பட்டது. 2019இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாரான ஹூண்டாய் வென்யூ 1.0 லிட்டர் டர்போ ஜி.டி.ஐ. எஞ்சினோடு வந்தது. அந்த முதல் ஈகோஸ்போர்ட் வந்தபோது எஸ்.என். பிளஸ் பிறக்கவே இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தன. இன்று அந்தக் கார்கள் பல இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறியிருக்கின்றன. கம்பெனி சர்வீஸ் முடிந்து தெருமுனை மெக்கானிக்கிடம் போகின்றன. அவர் கை வழக்கமாக எடுக்கும் டப்பா எது என்பதில்தான் எஞ்சினின் ஆயுள் இருக்கிறது.

ஆகவே இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர் முதலில் கையேட்டைத் திறந்து, கார் நிறுவனம் எந்தத் தரத்தைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் போன்றவை 504 00, 508 00 என்று தம் சொந்த எண்களைக் கேட்கும். அங்கே அந்த எண்ணுக்கே முதலிடம். ஏ.பி.ஐ. எழுத்தை மட்டும் கேட்கும் காரானால், பழைய கையேட்டில் எஸ்.எம்., எஸ்.என். என்று அச்சிட்டிருந்தாலும் எஸ்.பி. அல்லது அதற்குப் பிந்தையதை வாங்கலாம். பெட்ரோல் கார்களுக்குப் பொதுவாகப் புதிய வகுப்பு பழையதன் தேவைகளையும் நிறைவேற்றும் என்ற அடிப்படையிலேயே எழுதப்படுகிறது. 2025 மார்ச் 31 முதல் எஸ்.க்யூ. வகுப்பும் ஜி.எஃப்-7 தரமும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஓடிப் பழசான ஆயிலும் முன்பற்றுதலைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஜி.எஃப்-7இல் சேர்ந்திருக்கிறது, புதிதாய் ஊற்றும்போது மட்டும் தேறினால் போதாது என்று இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குள்ளேயே சின்னச் சின்னப் பயணங்கள் போகும் காரானால், கையேடு கடுமையான பயன்பாட்டுக்கென்று குறிப்பிடும் குறுகிய இடைவெளியில் ஆயிலை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். மட்டம் குறைவதைப் போலவே ஏறுவதும் கெடுதலின் அறிகுறி, பெட்ரோல் வாடை வந்தால் சர்வீஸ் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் மெக்கானிக்கை மூடியைத் திறக்க விடாதீர்கள். கார் நிறுவனம் கேட்ட தரமோ, எஸ்.பி. அல்லது எஸ்.க்யூ. என்ற எழுத்தோ அங்கே இல்லையென்றால், எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், எவ்வளவு விலை சொன்னாலும், அந்த ஆயில் டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு வேண்டாம்.